'கீபோர்டு போச்சு, டச்பேடு போச்சு'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி... லேப்டாப்பில் நீங்களே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்!

நாளை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டிய ஃபைல். ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். பாஸ்வேர்டு அடித்தால் 'தவறு' என்கிறது. மறுபடி அடித்தால் மறுபடியும் தவறு. அப்புறம்தான் கவனிக்கிறீர்கள். எட்டு எழுத்து அடித்தால் ஏழு புள்ளிதான் விழுகிறது. ஏதோ ஒரு கீ வேலை செய்யவில்லை. சரி, மவுஸ் பாயின்டரையாவது நகர்த்தலாம் என்று டச்பேடில் விரலை வைத்தால், அது பாட்டுக்கு ஒரு மூலைக்கு ஓடுகிறது.

இந்த நிலைமையில் நம்மில் பலர் செய்வது ரெண்டே ரெண்டுதான். ஒன்று, அந்த கீயை ஓங்கி ஓங்கி அழுத்துவது. இன்னொன்று, மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவது. 'கீபோர்டு மாத்தணும் சார்' என்று அங்கே சொன்னதும் தலையாட்டிவிட்டு வருகிறோம். ஒரு செட்டிங்கை மாற்றினாலே சரியாகிவிடும் பிரச்னைக்குப் புது கீபோர்டு விலையைக் கொடுப்பதும் நடக்கிறது. உண்மையிலேயே ஆபத்தான ஓர் அறிகுறியை, 'டச்பேடு கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான்' என்று விட்டுவிடுவதும் நடக்கிறது.

வரிசையாகச் சோதித்துக்கொண்டே வந்தால், கோளாறு சாஃப்ட்வேரிலா, ஹார்டுவேரிலா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. இங்கே சொல்லியிருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 லேப்டாப்களுக்கானவை. மேக்புக் வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகளும் இடையிடையே உண்டு.

எல்லாத்துக்கும் முன்னாடி... பேட்டரி வீங்கியிருக்கா?

டச்பேடு பிரச்னை என்றதும் யாரும் பேட்டரியை நினைப்பதில்லை. ஆனால், இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் நம் உள்ளங்கை படும் இடத்துக்கும் டச்பேடுக்கும் நேர் அடியில்தான் பேட்டரி இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரி வயதானாலோ, அதிக வெப்பத்தில் கிடந்தாலோ, பழுதானாலோ உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயு உருவாகும். வாயு வெளியேற வழியில்லாததால் பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரி டச்பேடைக் கீழிருந்து தள்ளும். அதனால்தான் முதலில் 'கிளிக்' சரியாக விழாமல் போகிறது.

லேப்டாப்பை மூடி, சமமான மேஜை மேல் வைத்து இவற்றைப் பாருங்கள்.

* டச்பேடின் ஒரு ஓரம் மற்ற இடத்தைவிட உயர்ந்து நிற்கிறதா?
* கிளிக் செய்ய முன்பைவிட அதிக அழுத்தம் தேவைப்படுகிறதா, அல்லது தானாகவே கிளிக் ஆகிறதா?
* மூடி முழுசாக மூடாமல் இடைவெளி தெரிகிறதா?
* அடிப்பகுதி உப்பி, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா?
* கீபோர்டின் நடுப்பகுதி மேடாகத் தெரிகிறதா?

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மற்ற சோதனைகளை விட்டுவிடுங்கள். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். மறுபடி சார்ஜ் போடக் கூடாது. மேடாக இருக்கும் இடத்தை அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தி காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். மெத்தை, சோபா, துணி அலமாரி எதன் மேலும் வைக்காமல், தரையிலோ கல் மேடையிலோ வைத்து, சீக்கிரமே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. இந்தியாவில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. எனவே சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்துவிடலாம்.

பல சமயம் பேட்டரியை மாற்றியதுமே டச்பேடும் பழையபடி வேலை செய்யும். பேட்டரியைப் பார்க்காமல் டச்பேடை மட்டும் மாற்றினால் காசும் போகும், ஆபத்தும் அப்படியே இருக்கும்.

பேட்டரி நன்றாக இருக்கிறதா? அப்போ மேலே படிங்க.

இப்போதைக்கு வேலை ஓடணுமே!

காரணத்தைத் தேடுவதற்கு முன் லேப்டாப்பை உபயோகிக்கும் நிலைக்குக் கொண்டு வரலாம். வயர் உள்ள சாதாரண யூ.எஸ்.பி கீபோர்டு, மவுஸ் இருந்தால் செருகுங்கள். வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதனுடையதே போதும். புளூடூத் கீபோர்டு என்றால் அதை இணைக்கவே முதலில் கிளிக் செய்ய வேண்டியிருக்கும், அதனால் வயர்தான் வசதி. டைப் சி போர்ட் மட்டும் உள்ள லேப்டாப் என்றால் அதற்கான சின்ன அடாப்டர் தேவைப்படும்.

கீபோர்டு இல்லையா? பாஸ்வேர்டு கேட்கும் திரையில் வலது கீழ் மூலையில் 'அக்சஸிபிலிட்டி' ஐகான் இருக்கும். அதைத் தட்டினால் 'ஆன் ஸ்க்ரீன் கீபோர்டு' கிடைக்கும். மவுஸாலேயே எழுத்துகளைக் கிளிக் செய்து உள்ளே போய்விடலாம். உள்ளே போன பிறகு விண்டோஸ் கீ, கன்ட்ரோல், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே கீபோர்டு திரையில் வரும்.

டச்பேடு மட்டும்தான் போச்சா? நம்பர் பேடு உள்ள லேப்டாப்பாக இருந்தால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'மவுஸ் கீஸ்' ஆன் செய்யவா என்று கேட்கும். ஓகே கொடுத்தால் நம்பர் பேடாலேயே பாயின்டரை நகர்த்தலாம். 5-ஐ அழுத்தினால் கிளிக்.

உள்ளே போனதும் முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ கிளவுடிலோ காப்பி எடுப்பது. காபி கொட்டியோ, தண்ணீர் பட்டோ வந்த கோளாறு என்றால் இன்றைக்குக் கீபோர்டு, நாளைக்கு மதர்போர்டு என்று போக வாய்ப்பு உண்டு. லேப்டாப் ஆன் ஆகும்போதே எடுத்துவிடுங்கள்.

கோளாறே இல்லாத கோளாறுகள்!

கீபோர்டு நன்றாகவே இருக்கும். நமக்குத் தெரியாமல் ஏதோ ஒரு கீ பட்டு செட்டிங் மாறியிருக்கும். வீட்டில் குழந்தைகளோ பூனையோ இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

எழுத்து அடித்தால் நம்பர் வருகிறதா? நம்பர் பேடு இல்லாத சில லேப்டாப்களில் வலது கைப் பக்க எழுத்துகளுக்குள்ளேயே நம்பர் பேடு ஒளிந்திருக்கும். 'யூ, ஐ, ஓ' அடித்தால் 4, 5, 6 வரும். 'ஜே, கே, எல்' அடித்தால் 1, 2, 3 வரும். நம் லாக்கை அழுத்தினால், அல்லது எஃப்.என் கீயோடு சேர்த்து அழுத்தினால் சரியாகும்.

கீயை ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறதா? வலது ஷிஃப்ட்டை 8 விநாடிகள் அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதி ஆன் ஆகும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, தெரியாமல் படும் சின்னத் தொடுதல்களைப் புறக்கணிக்கும் வசதி இது. ஆன் ஆகியிருப்பது தெரியாதவர்களுக்குக் கீபோர்டே செத்துப்போன மாதிரி இருக்கும். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' ஆன் ஆகும். ரெண்டையும் செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி', 'கீபோர்டு' பகுதியில் ஆஃப் செய்யலாம்.

இங்கிலீஷில் அடித்தால் தமிழ் வருகிறதா? தமிழ் கீபோர்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்து பட்டால் மொழி மாறிவிடும். மறுபடி அதையே அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். மெயில் ஐ.டி-யில் போடும் 'அட்' குறியை அடித்தால் மேற்கோள் குறி வருகிறதா? அமெரிக்க கீபோர்டு அமைப்புக்குப் பதில் இங்கிலாந்து அமைப்பு தேர்வாகியிருக்கிறது.

'எல்' அடித்தால் ஸ்க்ரீன் லாக் ஆகிறதா? விண்டோஸ் கீ அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டச்பேடில் ஸ்க்ரோல் செய்தால் பக்கம் பெரிதாகிச் சிறிதாகிறதா? கன்ட்ரோல் கீ ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டில் மட்டும் செட்டிங் காரணமில்லை, அந்தக் கீயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

டச்பேடு அசையவே இல்லையா? மேல் வரிசை எஃப் கீகளில் ஏதாவது ஒன்றில் டச்பேடு படம் இருக்கிறதா பாருங்கள். அதைத் தனியாகவோ, எஃப்.என் கீயோடு சேர்த்தோ ஒருமுறை அழுத்துங்கள். சில மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையில் இரண்டு முறை தட்டினாலே ஆஃப் ஆகிவிடும். அந்த மூலையில் சின்ன லைட் எரிந்தால் அதுதான் காரணம்.

மவுஸ் செருகினால் டச்பேடு நின்றுவிடுகிறதா? செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' உள்ளே 'டச்பேடு' பகுதியில், மவுஸ் இணைந்திருக்கும்போதும் டச்பேடு இயங்க வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். மேக்புக்கிலும் இதே மாதிரி ஒரு வசதி 'அக்சஸிபிலிட்டி', 'பாயின்டர் கன்ட்ரோல்' பகுதியில் உண்டு. வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை மறந்துபோய் செருகியே வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

கீபோர்டு, டச்பேடு ரெண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதா? 360 டிகிரி மடக்கக்கூடிய லேப்டாப் என்றால், டேப்லெட் மாதிரி மடக்கியதும் இரண்டும் தானாக ஆஃப் ஆகும். அதற்கான சென்சார் குழம்பினால், நேராக நிமிர்த்திய பிறகும் ஆஃபிலேயே இருக்கும். ஒருமுறை முழுசாக மடக்கி, திரும்பத் திறந்து பாருங்கள். கையில் காந்தம் வைத்த வாட்ச் ஸ்ட்ராப் இருந்தால் கழற்றுங்கள். மூடி மூடியிருக்கிறது என்று சென்சார் ஏமாந்து லேப்டாப் தூங்கப் போய்விடும்.

ரெண்டு நிமிட வைத்தியம்

இதில் எதுவும் இல்லையென்றால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றில்லை. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். பழைய குழப்பமும் கூடவே வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் சரியாகவில்லையா? ஷட் டவுன் செய்து, சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைப் போட்டு ஆன் செய்யுங்கள். கீபோர்டைக் கவனித்துக்கொள்ளும் சின்ன கன்ட்ரோலர் சிப் ஏதாவது குழப்பத்தில் மாட்டியிருந்தால், மிச்ச மின்சாரமும் வடிந்து அது புதிதாகத் தொடங்கும்.

சாஃப்ட்வேரா, ஹார்டுவேரா? தீர்ப்பு சொல்லும் சோதனை

கடைக்காரர் சொல்வது சரியா என்று தெரிந்துகொள்ள உங்களிடம் இருக்க வேண்டிய ஒரே பதில் இதுதான்: 'விண்டோஸுக்கு வெளியே கீபோர்டு வேலை செய்யுதா?'

1. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ரெக்கவரி' போங்கள். 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப்' பக்கத்தில் 'ரீஸ்டார்ட் நவ்' கொடுங்கள். விண்டோஸ் 10-ல் இது 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' உள்ளே இருக்கும்.

2. நீலத் திரை வரும். 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ட்' என்று போங்கள். பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டால், இந்த டிரைவை விட்டுவிடு என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கலாம்.

3. கறுப்புத் திரை வந்ததும், லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் எழுத்துகள், நம்பர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். எண்டர் மட்டும் தட்டாதீர்கள். முடிந்ததும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

இந்தத் திரை உங்கள் வழக்கமான விண்டோஸ் கிடையாது. நீங்கள் இன்ஸ்டால் செய்த ஆப், அப்டேட், டிரைவர் எதுவும் இங்கே இயங்காது. ஆகவே, இங்கே எல்லாக் கீகளும் ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு உங்கள் விண்டோஸில்தான். கீபோர்டை மாற்ற வேண்டியதில்லை. இங்கேயும் அதே கீகள் அடம்பிடித்தால் ஹார்டுவேர் கோளாறு. விண்டோஸை ஃபார்மேட் செய்தாலும் அது சரியாகாது.

லேப்டாப் ஆன் ஆகும்போதே பயாஸ் செட்டப்புக்குள் போயும் இதைப் பார்க்கலாம். பல பிராண்டுகளில் எஃப்2, ஹெச்.பி-யில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. அங்கே ஆரோ கீகள் நகர்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். டச்பேடுக்கு இந்தச் சோதனையை முழுசாக நம்ப முடியாது. சில லேப்டாப்களின் பயாஸில் டச்பேடு இயல்பாகவே வேலை செய்யாது.

ஒரு எச்சரிக்கை. சில கோளாறுகள் லேப்டாப் சூடான பிறகுதான் தலைகாட்டும். ஆன் செய்த உடனே நன்றாக இருந்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மக்கர் செய்தால், அந்த நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

சாஃப்ட்வேர்தான் காரணம் என்றால்...

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'கீபோர்ட்ஸ்' என்பதை விரித்தால் உள் கீபோர்டின் பெயர் இருக்கும். பல லேப்டாப்களில் 'ஸ்டாண்டர்டு பி.எஸ்/2 கீபோர்டு' என்று இருக்கும். டச்பேடை 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' பகுதியிலோ, 'மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்' பகுதியிலோ தேடுங்கள்.

சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகு பிரச்னை தொடங்கியிருந்தால், அதன் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'டிரைவர்' டேபில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அது மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி டிரைவரைப் போட்டுக்கொள்ளும். இதைச் செய்யும்போது யூ.எஸ்.பி மவுஸ் கையில் இருப்பது நல்லது. டச்பேடைத் தூக்கிவிட்டால் ரீஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்யவாவது வேண்டுமில்லையா!

சரியாகவில்லை என்றால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு டச்பேடு டிரைவரை எடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் ஆப்களின் பக்கம் போக வேண்டாம். வேண்டாத சாஃப்ட்வேரும் சேர்ந்து இறங்கும் ஆபத்து உண்டு.

சார்ஜ் போட்டால் மட்டும் பாயின்டர் ஆடுகிறதா?

நம்ம ஊர் வீடுகளில் இது அதிகம் கவனிக்க வேண்டிய விஷயம். டச்பேடு அழுத்தத்தை உணர்வதில்லை. நம் விரல் பக்கத்தில் வரும்போது ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தை உணர்ந்துதான் பாயின்டரை நகர்த்துகிறது. சார்ஜரிலிருந்து மின் இரைச்சல் கலந்தால் அதனால் விரலைச் சரியாகப் பின்தொடர முடியாது. பாயின்டர் துள்ளும், தானாகக் கிளிக் ஆகும்.

சார்ஜரைக் கழற்றுங்கள். ஆட்டம் நின்றதா? அப்படியென்றால் டச்பேடில் குறையில்லை. 3 பின் பிளக்கை 2 பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா, பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாக 'விர்' என்று உணர்ந்தாலும் எர்த் இல்லாததன் அடையாளமாக இருக்கலாம். எர்த் உள்ள வேறு பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கதை என்றால் சார்ஜர் மீது சந்தேகம். மலிவு விலை டூப்ளிகேட் சார்ஜர்கள் இதில் பேர்போனவை. வீட்டில் எர்த்தே இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள். அது டச்பேடுக்காக மட்டும் செய்கிற வேலையில்லை, உங்கள் பாதுகாப்புக்கும் வேண்டியது.

சார்ஜர் இல்லாமலும் ஆடினால், விரல் ஈரமாக இருக்கிறதா பாருங்கள். வியர்வை, கை கழுவிய ஈரம், தேங்காய் எண்ணெய், லோஷன் எல்லாமே டச்பேடைக் குழப்பும். லேப்டாப்பை ஆஃப் செய்து, லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். டச்பேடின் மேல் ஸ்டிக்கரோ ஃபிலிமோ ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஹார்டுவேர்தான் என்றால்... எந்தெந்தக் கீ என்று எழுதுங்கள்!

லேப்டாப் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி வயர் கிடையாது. தெருவும் குறுக்குத் தெருவும் மாதிரி, பிளாஸ்டிக் தாள்களில் மெல்லிய மின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கீயை அழுத்தினால் ஒரு தெருவும் ஒரு குறுக்குத் தெருவும் சந்திக்கும். எந்தச் சந்திப்பு என்பதை வைத்து கன்ட்ரோலர் எழுத்தைக் கண்டுபிடிக்கும். இது புரிந்தால் கோளாறின் இடமும் ஓரளவு பிடிபடும்.

* ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அதன் அடியில் தூசி, உணவுத் துணுக்கு, அல்லது அடியில் இருக்கும் ரப்பர் குமிழ் தேய்மானம். சுத்தம் செய்தால் சரியாக வாய்ப்பு அதிகம்.

* பக்கத்தில் பக்கத்தில் இல்லாத நாலைந்து கீகள் ஒரே நாளில் போனால், அவை இணைந்திருக்கும் ஒரு 'தெரு' அறுந்திருக்கிறது. சுத்தம் செய்து பயனில்லை. கீபோர்டை மாற்ற வேண்டும், அல்லது கேபிள் சரியாக உட்காரவில்லை.

* ஒன்றை அடித்தால் ரெண்டு மூன்று எழுத்து சேர்ந்து விழுந்தால், கோடுகளுக்கு இடையே ஈரமோ, உலர்ந்த காபியோ பாலம் போட்டிருக்கிறது.

* எல்லாக் கீகளும் ஒரேயடியாக நின்றால், கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிள் நழுவியிருக்கலாம். கீழே விழுந்த பிறகு, அல்லது ரேம், எஸ்.எஸ்.டி மாற்றிய பிறகு இது நடந்திருந்தால் இதுதான் முதல் சந்தேகம். கேபிளைச் சரியாகப் பொருத்தினால் புது கீபோர்டே தேவைப்படாது.

ஒரு கீதான் பிரச்னை, மாற்ற இப்போது காசில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பவர்டாய்ஸ்' சாஃப்ட்வேரில் 'கீபோர்டு மேனேஜர்' இருக்கிறது. நீங்கள் அதிகம் பயன்படுத்தாத ஒரு கீயை, போன கீயின் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தானாக அடித்துக்கொண்டே இருக்கும் கீயை அதிலேயே ஊமையாக்கவும் செய்யலாம். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் மட்டும் இது செல்லுபடியாகாது. அதற்கு பின் நம்பரோ கைரேகையோ வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் ஷட் டவுன், சார்ஜர் கழற்றல். லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து, கம்ப்ரெஸ்டு ஏர் கேனால் கீகளின் இடுக்கில் குறுக்காக அடியுங்கள். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 75 டிகிரி சாய்வில் பிடித்து அடிக்கச் சொல்கிறது. பிறகு லேப்டாப்பை ஒரு பக்கமாகத் திருப்பி மறுபடி, இன்னொரு பக்கமாகத் திருப்பி மறுபடி. கேனை எப்போதும் நேராகப் பிடியுங்கள். தலைகீழாகப் பிடித்தால் உள்ளிருந்து குளிர்ந்த திரவம் பீய்ச்சும். வாயால் ஊதினால் தூசியோடு எச்சிலும் போகும், வேண்டாம்.

பிசுபிசுப்பு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பட்ஸில் லேசாகத் தொட்டு கீயின் ஓரங்களில் துடைக்கலாம். ஹேண்ட் சானிட்டைசர் வேண்டாம். அதில் சேர்க்கும் கிளிசரின் போன்றவை பிசுக்காகத் தங்கிவிடும். கீயைக் கத்தியால் நெம்பி எடுக்கும் வேலையும் வேண்டாம். அடியில் கத்தரி மாதிரி இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உடைந்தால், அழுக்குப் பிரச்னை உடைசல் பிரச்னையாகிவிடும்.

காபி கொட்டிடுச்சா?

முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். ஃபைலை சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ணலாம் என்று நினைக்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். மேலே இருப்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு லேப்டாப்பை விரித்து, கூடாரம் மாதிரி கவிழ்த்து, துணி மேல் நிறுத்துங்கள். கீபோர்டு கீழ் நோக்கி இருந்தால் திரவம் மதர்போர்டு பக்கம் இறங்காமல் வெளியே வடியும்.

ஹேர் டிரையர் சூடு கீகளை வளைக்கும், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டைக்குள் வைப்பதும் வேண்டாம். தூளும் மாவும் போர்ட்டுகளுக்குள் புகும். வெறும் தண்ணீரே என்றாலும் காய்ந்துவிட்டதா என்று அவசரப்பட்டு ஆன் செய்து பார்க்காதீர்கள். பாலும் சர்க்கரையும் கலந்த காபி, டீ, ஜூஸ் என்றால் காய்வது மட்டும் போதாது. ஈரம் போனாலும் சர்க்கரை உள்ளேயே படிந்திருக்கும், உலோகப் பகுதிகளை அரிக்கவும் செய்யும். அதனால் ஆன் செய்யாமலேயே கொண்டுபோய்த் திறந்து சுத்தம் செய்யச் சொல்வதுதான் நல்லது. 'என்ன கொட்டியது' என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது...

முதலில் வாரன்ட்டி. பில் கிடைக்கவில்லை என்றாலும் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் தெரிந்துவிடும். சாதாரண வாரன்ட்டியில் தண்ணீர் பட்ட சேதம் பொதுவாக அடங்காது. விபத்துச் சேதத்துக்கான கூடுதல் திட்டம் வாங்கியிருந்தால் அடங்கும்.

வாரன்ட்டி முடிந்தாலும், உங்கள் மாடலுக்கு நிறுவனம் இலவச சர்வீஸ் ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கீபோர்டு கெடுவதெல்லாம் நம் தப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆப்பிள் 2015-ல் 'பட்டர்ஃபிளை' என்ற மெல்லிய கீபோர்டை மேக்புக்கில் கொண்டு வந்தது. சின்னத் தூசி போனாலே கீகள் ஒட்டிக்கொள்வதாகவும், ஓர் எழுத்தே பலமுறை விழுவதாகவும் புகார்கள் குவிந்தன. 2018 ஜூனில், வாங்கிய 4 ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. 2019 இறுதியில் பழைய கத்தரி வகை கீபோர்டுக்கே திரும்பத் தொடங்கியது. அமெரிக்காவில் இது தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2022-ல் 5 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. வடிவமைப்பே பிழையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதற்கு இது உதாரணம்.

கடையில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

* கீபோர்டு மட்டும் தனியாக வருமா, மேல் பேனலோடு சேர்த்து மாற்றணுமா? இப்போதைய மாடல்கள் பலவற்றில் கீபோர்டை பேனலோடு ரிவெட் அடித்து வைத்திருக்கிறார்கள். செலவில் பெரிய வித்தியாசம் வரும்.
* ஒரிஜினல் பாகமா, வேறு கம்பெனியா? அதற்கு எத்தனை மாதம் வாரன்ட்டி?
* ரிப்பன் கேபிளைச் சரிபார்த்தீர்களா?
* பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று திறந்ததும் பார்த்துச் சொல்வீர்களா?
* மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்காதீர்கள். கீபோர்டைச் சோதிக்க உங்கள் அக்கவுன்ட்டுக்குள் போக வேண்டிய அவசியமில்லை. மேலே சொன்ன கமாண்ட் பிராம்டே போதும். முடிந்தால் கூடவே உட்கார்ந்து வாங்கி வாருங்கள். வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றால், மாடல், சீரியல் எண், சொன்ன புகார், சொன்ன தொகை எல்லாம் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

'விண்டோஸுக்கு வெளியேயும் சோதிச்சுப் பார்த்துட்டேன் சார். இந்த அஞ்சு கீ மட்டும்தான் போயிருக்கு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. பேட்டரி வீங்கல. கேபிளை ஒருமுறை பாருங்க' என்று சொல்லித் தொடங்குங்கள். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரிதான் இருக்கும்.